நாலாம் ரூமில் இடமில்லை

காலியாகக் கிடக்கும் அறைக்கு வெளியே இருபது பேரைப் பொறுமையாகக் காத்திருக்க வைக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் சிவகாசியில் இருக்கிறார். "உள்ளே யாருமே இல்லையே, உட்காரக் கூடாதா?" என்று முதல் தடவை வருகிறவர்கள் கேட்பார்கள். இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். மூன்றாம் தடவை, புதிதாக வந்தவர் யாராவது கேட்டால், "சும்மா இருங்க, உள்ள ஆள் இருக்கு" என்று இவர்களே அடக்குவார்கள்.

அவர் பெயர் போர்மேன். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பட்டாசு ஆபீஸ் ஒன்றில் பல வருஷம் போர்மேனாக இருந்தவர். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, இந்த ஊரில் அத்தனை பேரும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வேலையை விட்டபிறகு அவர் திறந்ததுதான் ஜிஞ்சர் பீர் கடை. சாத்தூர் ரோட்டில், மூடிப்போன ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ். நாலு ரூம்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி, ஒவ்வொரு ரூமுக்கும் எதிரெதிரே இரண்டு வாசல், முற்றத்தில் ஒரு வேப்பமரம். இஞ்சி, கருப்பட்டி, எலுமிச்சம்பழம் சேர்த்து, பீங்கான் ஜாடியில் அவர் தினமும் தீனி போட்டு வளர்க்கும் புளித்த கரைசலில் இருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றி, கனத்த கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஈர மணலில் புதைத்து வைப்பார். நாலைந்து நாளில் அது உள்ளுக்குள் பொங்கிக்கொண்டு தயாராக இருக்கும். தக்கை தெறித்துவிடாமல் அணுகுண்டு வெடிக்குச் சுற்றுகிற சணல் நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார். அந்த முடிச்சை அவிழ்க்க அவரால் மட்டும்தான் முடியும்.

சரக்கு ரகங்களுக்குப் பட்டாசுப் பெயர்தான். கம்பி மத்தாப்பு என்றால் இளசாக, குழந்தைகள் குடிக்கிற மாதிரி. சங்கு சக்கரம் என்றால் எலுமிச்சை தூக்கலாக. அணுகுண்டு என்பது சாத்தூர் மிளகாய் வத்தலைக் கிள்ளிப் போட்டு ஊறவைத்தது. முதல் மடக்கில் ஒன்றும் தெரியாது, மூன்று எண்ணுவதற்குள் காது அடைத்துக்கொள்ளும். அதற்குத் தொட்டுக்கொள்ள காராச்சேவு. இதில் போதை ஒரு சொட்டும் கிடையாது.

போதை கிடையாது என்பது ஊருக்குத் தெரியக் கொஞ்ச காலம் ஆனது. அதற்குக் காரணம் நான். நான் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிசைனர். கடைக்குப் போர்டு அடித்துக் கொடுத்தது நான்தான். 'ஜிஞ்சர்' என்பதைச் சின்னதாகவும் 'பீர்' என்பதைப் பெரிதாகவும் போட்டுவிட்டேன். எழுத்து அமைப்புக்கு அது அழகாக இருந்தது. திறப்பு விழாவன்று சாத்தூர் ரோட்டில் ஆண்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரோ மந்திரி வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று கிளாஸ் குடித்துவிட்டு ஒருவர் எழுந்து நின்று ஆடிப் பார்த்தார். ஆட்டம் வரவில்லை.

"என்னய்யா இது, ஏறவே மாட்டேங்குது?"

"ஏறாது. ஆனா எந்திரிச்சுப் போகவும் மனசு வராது" என்றார் போர்மேன்.

அதுதான் நடந்தது. அந்த ஆசாமி கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்து, ஒரு கிளாஸைச் சாட்சிக்காகக் குடித்து, இன்னொன்றைச் சந்தேகம் தீரக் குடித்து, மறுநாள் குடும்பத்தோடு வந்தார். போர்டை மாற்றித் தருகிறேன் என்று நான் கெஞ்சினேன். போர்மேன் கேட்கவில்லை. அச்சில் வந்தது வந்ததுதான் என்று சொல்லிவிட்டார்.

கடையின் சட்டதிட்டங்கள் அத்தனையும் பட்டாசு ஆபீஸ் சட்டதிட்டங்கள். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். உள்ளே நுழையும் முன் கதவோரம் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக. போன் கூடாது. இரும்புச் சாமான் கூடாது. பெஞ்சை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். பாலியஸ்டர், நைலான் துணி போட்டுக்கொண்டு வந்தால் உள்ளே விடமாட்டார். எங்கள் பிரஸ் முதலாளி ஒரு நாள் பளபளப்பான சட்டையில் வந்தார். போர்மேன் துணியை இரண்டு விரலால் உரசிப் பார்த்து, "ஆகாது" என்றார். முதலாளி மேல் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கடைத் துண்டைப் போர்த்திக்கொண்டு மூன்று கிளாஸ் குடித்தார். அதுவரை அவருக்கு அவ்வளவு பெரிய மச்சம் இருப்பது பிரஸ்ஸில் யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. ஒரு ரூமுக்கு நாலு பேர். ஐந்தாவது ஆள் மாமனாராக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டும். ஒரு பெண் பார்க்கும் விஷயத்தை வீட்டுக்கு வெளியே வைத்துப் பேசலாம் என்று ஐந்து பேராக வந்த குடும்பத்தில், அவர் வெளியே நிறுத்தியது மாப்பிள்ளையை. அந்தச் சம்பந்தம் கைகூடிவிட்டது. மாப்பிள்ளை வாயைத் திறக்காததுதான் காரணம் என்று பெண்ணின் சித்தப்பா என்னிடம் சொன்னார்.

நாலு ரூமுக்கும் பதினாறு பேர் உட்காரலாம் என்று கணக்குப் போடுவீர்கள். தப்பு. பன்னிரண்டு பேர்தான். நாலாம் ரூம் எப்போதும் நிறைந்திருக்கும்.

அங்கே ஒரு பெஞ்சும் ஒரு மேஜையும் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை திறந்ததும் அந்த மேஜையில் நாலு கிளாஸ் கம்பி மத்தாப்பு ஊற்றி வைக்கப்படும். பிறகு யாரும் உள்ளே போகக் கூடாது. போர்மேன் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் தலையை நீட்டி, உதடு அசைய எண்ணுவார். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. எண்ணி முடித்தபிறகு முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எட்டு மணிக்கு அந்த நாலு கிளாஸையும் வேப்பமரத்து மூட்டில் ஊற்றிவிடுவார்கள்.

ஊற்றுவது மாரியக்கா. கடையில் இஞ்சி இடிப்பதும் கிளாஸ் கழுவுவதும் வாடிக்கையாளர்களை அதட்டுவதும் அவள்தான். நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். வலது காது கேட்காது. அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவாள். முழுப்பெயர் மாரீஸ்வரி.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் இருக்கன்குடி மாரியம்மனை நினைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்காத வீடு குறைவு. மாரியம்மாள், முத்துமாரி, சோலைமாரி, மாரியப்பன், மாரிச்செல்வம். கூப்பிடும்போது எல்லோரும் மாரிதான். பஸ் ஸ்டாண்டில் நின்று "மாரி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும். நானே மாரிமுத்து. எங்கள் பிரஸ்ஸில் நாங்கள் மூன்று மாரிகள். காலண்டர் மாரி, கட்டிங் மாரி, காது குத்தின மாரி.

தினமும் கடை மூடும்போது மாரியக்கா போர்மேனிடம் ஒரு கேள்வி கேட்பாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எந்த மாரியக் கூப்பிட்டீக?"

"கிளாஸைக் கழுவு" என்பார் போர்மேன்.

வெளியூர் போன நாள் தவிர ஒரு நாள்கூட இது தவறியதில்லை. அவர்களுக்குள் ஏதோ கேலி என்று நாங்கள் நினைத்தோம். சில நாள் நாங்களே முந்திக்கொண்டு, "அண்ணாச்சி, எந்த மாரி?" என்று கோரஸ் பாடியிருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் என் மச்சான் கணேசனும் பிரஸ் ஆட்கள் இரண்டு பேரும் தவறாமல் போய்விடுவோம். கணேசன் என் மனைவியின் அண்ணன். பைண்டிங் வேலை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத ஆள். கல்யாண வீட்டில் இலையில் விழுந்த அப்பளத்தையும் கண்ணாலேயே அளப்பார். நாலாம் ரூம் கதையை அவரால் சும்மா விட முடியவில்லை.

"மாப்ள, இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிரணும்" என்று ஒரு நாள் காதில் சொன்னார்.

மாரியக்கா நாலு கிளாஸையும் வைத்துவிட்டுத் திரும்பிய நேரம் பார்த்து, அவர் பின்வாசல் வழியாக நுழைந்தார். பைண்டிங் பென்சிலால் நாலு கிளாஸிலும் நுரைக்குக் கீழே திரவம் நிற்கிற இடத்தில் கோடு போட்டார். வந்து உட்கார்ந்துகொண்டு, கம்மென்று காராச்சேவு தின்றார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தவர், திரும்பி வந்து காராச்சேவைத் தள்ளி வைத்தார்.

"என்ன மச்சான்?"

"ஓரத்துக் கிளாஸ்ல கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ நிக்குது."

"நுரை அடங்கினா குறையத்தான செய்யும்?"

"நாலும் ஒரே பாட்டில்ல ஊத்துனது. மத்த மூணும் கோட்டுலயே நிக்குது மாப்ள."

நானும் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அது மட்டுமில்லை. அந்த ஓரத்துக் கிளாஸின் வெளிப்புறத்தில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று விரல் தடம் இருந்தது. பட்டாசு ஆபீஸில் வெள்ளிப் பவுடர் என்கிற அலுமினியத் தூள் அள்ளுகிறவர்கள் கை அப்படித்தான் இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நாள் கணக்கில் போகாது. இந்த ஊரில் பாதிப் பேர் கை அப்படித்தான், யாரோ தாகத்துக்கு ஒரு வாய் குடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த கணேசன் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். வழக்கமாகப் பிடிக்க மாட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் நாலாம் ரூம் வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் குனிந்து போனோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குறுக்கே போவதுபோல ஒரு கூச்சம்.

போன பங்குனியில் அது நடந்தது. வெயில் தாங்காமல் மணலுக்குள் இருந்த பாட்டில் ஒன்று வெடித்தது. பெரிய சத்தம் இல்லை. வேறு ஊராக இருந்தால் யாரோ கதவைச் சாத்தினார்கள் என்று இருந்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் முதலில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று. கடையில் இருந்த பன்னிரண்டு பேரும் முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தோம்.

போர்மேன் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. அவர் நாலாம் ரூம் வாசலுக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"மாரி! வெளிய வா!"

நான் ஓடினேன். தண்ணீர் கேன் போட வந்த மாரியப்பன் கேனோடு ஓடிவந்தார். மூன்றாம் ரூமில் இருந்து மாரிச்செல்வம் என்று ஒரு வாத்தியார், வாயில் காராச்சேவோடு ஓடிவந்து நின்றார். மாரியக்கா ஈரக் கையோடு வந்தாள். நாலு மாரிகளும் அவருக்கு முன்னால் வரிசையாக நின்றோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீங்க இல்ல" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, விசிறிக்கொண்டிருந்தது நான். மாரியக்கா உடைந்த கண்ணாடியைப் பொறுக்கப் போய்விட்டாள். அவள் தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, போர்மேன் மெதுவான குரலில் சொன்னார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவர் வேலை பார்த்த பட்டாசு ஆபீஸில் ஒரு நாள் சீசன் ஆர்டர் நெருக்கடி. ஒவ்வொரு ரூமிலும் நாலு பெண்கள் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுற்றிவரும்போது ஒரு ரூமில் எண்ணினால் ஐந்து. பக்கத்து ரூம் சோலைமாரி, தன் வேலையைத் தூக்கிக்கொண்டு இவர்களோடு பேசிக்கொண்டே செய்ய வந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று, "மாரி, வெளிய வா" என்று சத்தம் போட்டிருக்கிறார். எழுந்து வந்தது அந்த ரூம் நாலு பேரில் ஒருத்தியான மாரீஸ்வரி, நம் மாரியக்கா.

"நான் கூப்பிட்டது சோலைமாரிய, தம்பி. வந்தது இவ. எனக்கு நல்லாத் தெரியுது, ஆள் மாறிப்போச்சுன்னு. ஆனா எண்ணிப் பாத்தா உள்ள நாலு. கணக்கு சரியா இருக்கு. எந்த மாரியா இருந்தா என்னன்னு நடந்துட்டேன். இருபது தப்படி போயிருப்பேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வெடித்தபோது அந்த ஆபீஸ் முற்றத்து மரத்தடியில் நின்ற மாரீஸ்வரிக்கு வலது காது போனது. உள்ளே இருந்த நாலு பேரும் போனார்கள்.

"மாரியக்கா கேட்டுக்கிட்டே இருக்காகளே, சொல்லிட வேண்டியதுதான?" என்றேன்.

"எதைச் சொல்ல? 'ஒன்னையக் கூப்பிடல, நீ தெரியாம வந்துட்ட'ன்னு சொல்லவா? அதக் கேட்டுட்டு அவ எப்படி ராத்திரி தூங்குவா?"

"அப்ப, 'ஒன்னையத்தான் கூப்பிட்டேன்'னு சொல்லிருங்க அண்ணாச்சி. ஒரு பொய்தான."

போர்மேன் நாலாம் ரூமை நோக்கித் தலையை அசைத்தார்.

"சோலைமாரிக்குக் கேக்குமே" என்றார்.

வெயில் நேரம். வேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் விசிறியைக் கீழே வைத்துவிட்டேன். ஓரத்துக் கிளாஸ் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இந்த ஐப்பசியில் தீபாவளி முடிந்து ஆபீஸ்களெல்லாம் மூடிக் கிடந்தன. ஊரே வேலையில்லாமல் இருந்தது, மழை வேறு. அந்தச் சனிக்கிழமை கடையில் சரியான கூட்டம். மூன்று ரூமும் நிறைந்து, தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். ஆறு மணிக்கே மங்கிவிட்டது. நாங்கள் மூன்றாம் ரூமில் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் நாலாம் ரூம் வாசல் நேரே தெரியும்.

மாரியக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். செம்புத் தகட்டைத் தொட்டாள். நாலாம் ரூமுக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

போர்மேன் கையில் இருந்த பாட்டிலை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே காலடி வைத்தால் அவர் ஆறாவது ஆள்.

"மாரி, அங்கன என்ன பண்ற? எந்திரி."

"உக்காந்திருக்கேன்."

"உள்ள நாலு பேரு இருக்காக."

"தெரியும். தெனமும் நாலு கிளாசு நாந்தான வைக்கேன்."

"ஒன்னோட சேத்து அஞ்சு. வா வெளிய. சொன்னாக் கேளு."

"அஞ்சுன்னா ஒருத்தியக் கூப்புடுங்க. அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்புடுங்க. வாறவ வரட்டும்."

போர்மேன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை. கணேசன் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். இதில் நாங்கள் செய்ய என்ன இருக்கிறது?

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மாரி" என்றார். "வெளிய வா."

மாரியக்கா எழுந்திருக்கவில்லை.

"எந்த மாரி?" என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. இரண்டு மாரிகளுக்கு முன்னால் அவர் நிற்கிறார், ஒருத்திக்குப் பதில் சொன்னால் இன்னொருத்திக்கும் கேட்கும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலையுங்கள் அண்ணாச்சி என்று மனசுக்குள் கத்தினேன்.

"சோலைமாரி" என்றார் போர்மேன். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னார். "பக்கத்து ரூம் சோலைமாரி. ஒனக்கு இங்கன இடமில்ல தாயி. எந்திரிச்சு வெளிய வா."

சொல்லிவிட்டு வாசலை விட்டு விலகி நின்றார். ஒரு ஆள் தாராளமாக வெளியே வருகிற அளவுக்கு விலகி நின்றார்.

தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு இது என்ன விஷயம் என்றே தெரியாது. கணேசன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். அந்த நேரத்தில் வெள்ளிப் பவுடர் நெடி அடித்தது என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். எனக்கு இஞ்சி வாசனைதான் அடித்தது. ஆனால் தாழ்வாரத்துத் தட்டியில் தொங்கிய மழைத் துளிகள், காற்றே இல்லாதபோது, வரிசையாக உதிர்ந்ததை நான் பார்த்தேன்.

உள்ளே மாரியக்கா அழுதுகொண்டிருந்தாள். எப்போதும்போல ஊருக்கே கேட்கும் குரல்தான்.

"அப்ப அவ பொய் சொல்லிருக்கா அண்ணாச்சி."

"யாரு?"

"சோலைமாரிதான். அன்னைக்குக் காலையிலருந்து மருந்து நெடி ஏறி எனக்குத் தலை வெடிச்சிக்கிட்டு இருந்துச்சு. நீங்க மாரின்னதும் அவதான் என் முதுகுல கைய வச்சு, 'ஏட்டி, ஒன்னையத்தான் கூப்புடுதாக. போய் மரத்தடியில காத்தாட நில்லு'ன்னு தள்ளி விட்டா. நெசமாவே நீங்க என்னையக் கூப்பிட்டீகளோ, இல்ல அவளக் கூப்பிட்டத அவ எனக்குத் தூக்கிக் குடுத்தாளோ, தெரியாமத்தான இத்தன வருசமாக் கேட்டேன். இருக்கன்குடியில போய் நின்னா யார் பேரைச் சொல்லிக் கும்புடுறதுன்னு தெரியல அண்ணாச்சி எனக்கு."

"அவளா தள்ளுனா?" என்றார் போர்மேன்.

"அவதான்."

"அவளாவா தள்ளுனா?"

"அவளாத்தான். தலவலிக்காரிக்குக் காத்து வேணும்னு நெனச்சா. வேற என்னத்தக் கண்டா அவ?"

போர்மேன் படியில் உட்கார்ந்து அழுதார். மழைத்தண்ணீர் வேட்டியை நனைத்துக்கொண்டு ஓடியது, அவர் எழுந்திருக்கவில்லை. அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரிந்ததும் அன்றுதான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலாம் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். உதடு அசைந்தது.

"இப்ப நாலு பேருதான்" என்றார் மாரியக்காவிடம். "நீ உக்காரு. இன்னைக்கு நான் ஊத்துதேன்."

முடிச்சை அவிழ்த்து, தன் கையாலேயே அவளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார். வாசலில் நின்றபடியே கையை நீட்டிக் கொடுத்தார். கணேசனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அளந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

"அண்ணாச்சி, அவுக... சோலைமாரி... இப்ப எங்கன இருக்காக?"

போர்மேன் ரோட்டைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ரோட்டைப் பார்த்தோம். சாத்தூர் பக்கம் போகிற ரோடு, மழையில் வெறுமையாகக் கிடந்தது.

"வீட்டுக்குப் போறா" என்றார். "நனைஞ்சுக்கிட்டே போறா, பாருங்க."

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அப்போது என் கையில் குடை இருந்தது. அவள் என்னைக் கடந்து போனபோது கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.